கோத்தகிரி வீட்டுக்கு வெளியே கேமரா: கண்ணில் படாமல் வைக்க வழி உண்டா?

கட்டபெட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் கட்டபெட்டு பக்கம் பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். நான் வேலைக்காகக் கோவையில். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தேயிலை, பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை, அதற்கு அப்புறம் பள்ளமும் சோலையும். சமீபத்தில் கொட்டகையிலிருந்து கவாத்து மெஷினை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டைத் தொடவே இல்லை, கீலைக் கழற்றியிருக்கிறார்கள். இடம் தெரிந்த ஆள் வேலைதான்.

கேமரா வைக்கலாம் என்றால் அப்பா ஒரே பிடிவாதம். வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே ஒரு கேமரா முறைத்துப் பார்க்கக் கூடாதாம். "ஊரில் எல்லாரும் சொந்தக்காரங்க, நாளைக்கு யார் முகத்தில் முழிக்கிறது?" என்கிறார். ஆகவே வைத்தால் தெரியாமல் வைக்க வேண்டும். கேட் வீட்டிலிருந்து சுமார் 12 மீட்டர், கொட்டகை 60 மீட்டர். பிராட்பேண்ட் இருக்கிறது, மழை வந்தால் போய்விடும். பறவைக் கூடு மாதிரி பெட்டிக்குள் வைக்கலாம் என்று ஒரு நண்பன் சொன்னான். மலையில் இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கேத்தி_ரவுண்டானா

பறவைக் கூடு வேண்டாம் சாமி. எங்கள் பக்கத்து வீட்டில் வைத்தார்கள். குரங்கு வந்து கூரையைப் பிய்த்து, உள்ளே பழம் இல்லை என்ற கோபத்தில் வயரையும் இழுத்துப் போட்டுவிட்டுப் போனது. அந்தக் காட்சி மட்டும் அருமையாகப் பதிவாகியிருந்தது.

குன்னூர்_வயர்மேன்

தம்பி, கேமரா மாட்டுவதுதான் என் பிழைப்பு. மறைத்து வைக்கச் சொல்கிறவர்கள் எல்லோருமே கேமராவை மறைப்பதைப் பற்றித்தான் கேட்பார்கள். உள்ளே வந்துவிட்ட திருடன் தேடுவது ரெக்கார்டர் பெட்டியை. அது டிவிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கை மின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான் என்றால் முடிந்தது. முதலில் பெட்டிக்கு இடம் பாருங்கள்: அட்டாலி, ஸ்டோர் ரூம், அரிசி மூட்டை வைக்கும் மூலை. காற்று போக வழி இருக்க வேண்டும், கூடவே ஒரு சின்ன யுபிஎஸ். மெமரி கார்டு போட்ட கேமராவை மட்டும் நம்பினால், கேமராவைக் கழற்றுகிறவன் சாட்சியையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போவான்.

அடுத்தது உயரம். இதை யாரும் யோசிப்பதில்லை. வெளிப்படையாக மாட்டும் கேமராவைக் கை எட்டாத உயரத்தில் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி விடுவார்கள். ஆனால் நம் ஊரில் அந்த உயரத்திலிருந்து என்ன தெரியும்? மங்கி குல்லாவும் ஸ்வெட்டர் தோளும்தான். குளிர்காலத்தில் ஊரே அதே உடையில் நடக்கிறது. மறைத்து வைப்பதில் உண்மையான லாபம் இதுதான்: ஆள் கவனிக்காத கேமராவை முகத்தின் உயரத்துக்கே இறக்கலாம். கேட் தூணில் தபால் பெட்டி இருந்தால் அதற்குள், இல்லையென்றால் தூணில் பதிக்கும் சின்ன விளக்குக் கூண்டில், தரையிலிருந்து ஐந்தடி. வருகிறவன் தாழ்ப்பாளைத் திறக்கும்போது முகம் அந்தப் பக்கம்தான் திரும்பும்.

தூரத்தையும் பாருங்கள். முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வைத்திருக்கும் அளவு. சாதாரண 1080 கேமராவில் அகலவாக்கில் 1920 பிக்சல். அதாவது எட்டு மீட்டர் அகலத்துக்கு மேல் காட்சி விரிந்தால் முகம் போச்சு. அகலமாகக் காட்டும் 2.8 மி.மீ. லென்ஸில் அந்த எல்லை மூன்று மீட்டர் சொச்சத்திலேயே வந்துவிடும். வீட்டு வாசலில் ஒளித்த கேமராவால் 12 மீட்டர் தள்ளி இருக்கும் கேட்டைப் பார்த்தால் "யாரோ வந்தார்" என்பது மட்டும் தெரியும். கேட்டுக்குக் கேட்டிலேயே வையுங்கள்.

இரவு சமாச்சாரம் இன்னும் முக்கியம். இருட்டில் பார்ப்பதற்காகக் கேமராவில் இன்ஃப்ராரெட் பல்பு எரியும். மலிவான வகைகளில் அதன் ஒளி அலைநீளம் 850 நானோமீட்டர். பகலில் எவ்வளவு அழகாக ஒளித்தாலும் இருட்டில் மங்கலான சிவப்புப் புள்ளிகளாகக் காட்டிக் கொடுத்துவிடும். 940 நானோமீட்டர் வகை நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வெளிச்சம் எட்டும் தூரம் குறையும். கேட் மாதிரி பக்கத்துப் பார்வைக்கு 940 போதும், கொட்டகை முற்றத்துக்குப் போதாது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அந்த ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி லென்ஸையே குருடாக்கும். அப்படி வைத்தே ஆக வேண்டுமென்றால் இன்ஃப்ராரெட்டை அணைத்துவிட்டு வெளியே ஒரு விளக்கைப் போட்டு வையுங்கள்.

செடிக்குள் சொருகுவதும் இதே கதிதான். பக்கத்தில் ஒரு இலை ஆடினாலும் அது மட்டும் பளீரென்று வெளுக்கும், பின்னால் எல்லாம் கறுப்பு. கூரை விளிம்புக்கு அடியில் உள்ளே தள்ளி வைத்தால் மேல் பலகையில் பட்டு அதே தொல்லை. லென்ஸ் முகப்பு விளிம்போடு சமமாக வரும்படி வையுங்கள்.

லவ்டேல்_டீச்சர்

ஒரு கேள்வி கேட்கலாமா? யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்?

திருடனுக்குத் தெரியக் கூடாது என்பது சரி. ஆனால் அந்தக் கொட்டகைப் பக்கம் பகலில் யார் இருப்பார்கள்? இலை எடுக்க வரும் பெண்கள். மழை வந்தால் அங்கேதான் ஒதுங்குவார்கள், நனைந்த சேலையைப் பிழிவார்கள், குழந்தைக்குப் பால் கொடுப்பார்கள். தோட்டத்தில் அவர்களுக்கென்று வேறு மறைவு ஏது? தெரிந்த கேமரா என்றால் வேறு பக்கம் போய் உட்காருவார்கள். தெரியாத கேமரா என்றால் எல்லாம் உங்கள் போனில் வந்து விழும். நீங்கள் நல்லவராகவே இருக்கலாம். அதை அவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

வெலிங்டன்_பழையவர்

டீச்சர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் வேறு காரணத்துக்காக இந்த ஒளித்து வைக்கும் யோசனையையே எதிர்க்கிறேன். ராணுவத்தில் காவல் நின்றவன் சொல்கிறேன்: காவல் என்பது திருடனை உள்ளே வரவிடாமல் திருப்பி அனுப்புவது. வந்து, எடுத்து, போன பிறகு படம் பார்ப்பது காவலில் சேராது. வெள்ளை நிறத்தில், குழாய் மாதிரி நீண்ட பெரிய புல்லட் கேமரா ஒன்றைக் கேட்டில் மாட்டு, கூடவே ஆள் நடமாடினால் எரியும் விளக்கு. பாதித் தொல்லை அங்கேயே நின்றுவிடும்.

கட்டபெட்டுக்காரன்

டீச்சர், இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. கொட்டகைக் கேமராவை யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

சார், கேட்டில் பெரிதாக மாட்டினால் அப்பா மறுநாளே சாக்குப்பை போட்டு மூடிவிடுவார்!

குன்னூர்_வயர்மேன்

இரண்டையும் செய்யலாமே. கண்ணுக்குத் தெரியும்படி ஒன்று, தெரியாமல் ஒன்று. தெரிவதைப் பார்த்தவன் அதைத் தவிர்க்கச் சுற்றிக்கொண்டு வருவான். அந்தச் சுற்று வழியில் மறைந்தது இருக்கட்டும். ஆனால் தெரியும் கேமரா நிஜக் கேமராவாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் பொம்மைக் கேமராவில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும், வயரும் இருக்காது. விஷயம் தெரிந்தவனுக்கு அதுவே அழைப்பிதழ்.

அப்பாவுக்காக வேண்டுமானால் குமிழுக்குள் கேமரா இருக்கும் டூம் வகை பாருங்கள். எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாது, கூரைக்கடியில் விளக்கு என்றே நினைப்பார்கள். நம் மலையில் மட்டும் ஒரு குறை உண்டு: அந்தக் கண்ணாடிக் குமிழில் இரவெல்லாம் பனி இறங்கும், இன்ஃப்ராரெட் பட்டால் முழுக்கப் புகை மாதிரி. குமிழ் இல்லாத, கண்விழி மாதிரி உருண்டையான ஐபால் வகைதான் நான் சிபாரிசு செய்வது. உருவமும் சின்னது.

தேவாலா_மழை

கூடலூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு வடகிழக்குப் பருவமழை, எங்களுக்கு ஜூனில் ஆரம்பித்தால் செப்டம்பர் வரை ஓயாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அட்டையில் ஐபி66 என்று போட்டிருந்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும், ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முங்கினாலும் தாங்கும். நல்லதுதான், ஆனால் தண்ணீர் போவது கேமரா வழியாக அல்ல, பின்னால் தொங்கும் வயர் இணைப்பு வழியாக. மறைக்கிறேன் என்று அந்த இணைப்பைச் செடிக்குள்ளோ மண்ணுக்குள்ளோ தள்ளினால் ஒரே பருவத்தில் பச்சைப் பாசி பிடித்து முடிந்துவிடும். ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, வயர் கீழிருந்து மேலே ஏறி நுழையும்படி ஒரு தொங்கல் விடுங்கள். துளி அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

அப்புறம் மூடுபனி. ராத்திரி மூடுபனியில் ஹை பீம் போட்டு வண்டி ஓட்டினால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். கேமராவிலேயே இருக்கும் இன்ஃப்ராரெட்டுக்கும் அதே கதை. வழி என்னவென்றால் கேமராவில் இருப்பதை அணைத்துவிட்டு, தனி இன்ஃப்ராரெட் விளக்கை வாங்கிக் கேமராவிலிருந்து சில அடி தள்ளி, வேறு கோணத்தில் வைப்பது. அடர்ந்த பனியை இதுவும் வெல்லாது, நடுத்தரப் பனிக்கு நல்ல வித்தியாசம் தெரியும். இதில் இன்னொரு லாபம்: பூச்சி எல்லாம் விளக்கைத் தேடிப் போகும், சிலந்தி லென்ஸில் வலை கட்டாது. காட்டில் விலங்குகளைக் கணக்கெடுக்க வைக்கும் தானியங்கிக் கேமராக்களிலும் கண்ணுக்குத் தெரியாத ஒளி வகை உண்டு. மனிதனுக்காக ஒளித்து வைத்தாலும் உங்களுக்கு முதலில் சிக்கப் போவது கரடியும் சிறுத்தையும்தான், பாருங்கள்.

அரவேணு_தாத்தா

கரடி என்றதும் ஞாபகம் வந்தது. கொட்டகையில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய், பலாப்பழம், கருவாடு எதுவும் வைக்காதீர்கள். எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைக்கிற ஜாதி அது, தகரக் கதவெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா? தாழ்வாக வைக்கிற கேமராவைக் காட்டுமாடு வந்து தேய்த்துவிட்டுப் போகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். 2023 தீபாவளியன்று குன்னூரில் வீட்டுக்குள் சிறுத்தை புகுந்தது எல்லோருக்கும் தெரியும். கேமராவில் சிறுத்தை தெரிந்தால் வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்னால் வனத்துறைக்குப் போன் பண்ணுங்கள். படம் போனால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் அது மிரளும்.

கறுப்பு_கோட்டு_உதகை

சட்டத்தையும் கொஞ்சம் பேசிவிடலாம்.

சொந்த வீட்டு வளாகத்தை, சொந்தப் பாதுகாப்புக்காகப் படம் பிடிக்க எந்த அனுமதியும் தேவையில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்கூட, தனிநபர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளைத் தொடுவதில்லை. ஆனால் அதை நம்பி எதையும் படம் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒருவரின் அந்தரங்க உடல் பகுதிகளைச் சம்மதமின்றிப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களை அந்தரங்க நிலையில் படமெடுப்பதற்குப் பாரதிய நியாய சம்ஹிதை (இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 77-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. டீச்சர் சொன்ன கொட்டகை இந்தப் பிரிவுகளுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. ஒளித்து வைத்த கேமரா என்றால் "தெரியாமல் பதிவாகிவிட்டது" என்று நீதிமன்றத்தில் சொல்வது கஷ்டம்.

பொது முற்றம் உள்ள ஹட்டி (படுகர் ஊர்) வீடுகளில் இன்னொரு தகராறு வரும். 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், சகோதரர்கள் சேர்ந்து வசிக்கும் வீட்டின் குடியிருப்புப் பகுதியில் மற்றவர் சம்மதமில்லாமல் கேமரா இயக்குவது அந்தரங்க உரிமையை மீறுவது என்றது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பின் தொடர்ச்சிதான் இது. பக்கத்து வீட்டு வாசல் காட்சியில் விழுந்தால் ரெக்கார்டர் செட்டிங்கில் அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்க வசதி இருக்கிறது. போட்டுவிட்டு அவர்களைக் கூப்பிட்டுக் காட்டியும் விடுங்கள்.

சாட்சியமாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொன்னார்களே, அதன் இடத்தில் வந்தது. திரையைப் போனில் படமெடுத்து வைத்திருப்பது போதாது. மூலப் பதிவு அழியாமல் இருக்க வேண்டும், ரெக்கார்டரின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்ட வேண்டும். கடிகாரம் தப்பாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

கொடைக்கானல்_ஹோம்ஸ்டே

பழனி மலையிலிருந்து ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் இந்த ஒளித்து வைக்கும் விளையாட்டே வேண்டாம். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவையே தடை செய்துவிட்டது. வெளியே வைக்கலாம், ஆனால் எங்கே வைத்திருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். நான் வரவேற்பிலேயே காட்டிவிடுவேன், விருந்தாளிகள் யாரும் முகம் சுளித்ததில்லை.

கேத்தி_ரவுண்டானா

சோலார் கேமரா பற்றி யாரும் சொல்லவில்லையே? சிம் போட்டு மரத்தில் கட்டிவிட்டால் வயர் தொல்லையே இல்லை என்கிறார்களே.

தேவாலா_மழை

வெயில் காலத்தில் ஜோர். நாள் கணக்காகச் சூரியனைப் பார்க்காத மாதத்தில் பேட்டரி படுத்துவிடும், திருடன் வருவதும் அந்த மாதத்தில்தான். இன்னொன்று, அந்த வகை எப்போதும் தூங்கும். உடல் சூடு நகர்ந்தால்தான் விழிக்கும். விழிக்கிற அந்த நொடிகளில் ஆள் பாதி வழி கடந்திருப்பான். சில்வர் ஓக்கில் கட்டினால் காற்றுக்கு மரம் ஆடி, கேமராவும் சேர்ந்து ஆடி, போன் ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும்.

கட்டபெட்டுக்காரன்

அப்பாவிடம் பேசினேன். கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான். கேட் தூணில் தபால் பெட்டிக்குள் 940 வகை ஒன்று. அது தெருவைப் பார்க்காமல், தாழ்ப்பாள் திறக்கும் இடத்தை மட்டும் பார்க்கும். முன் வாசலில் கூரை விளிம்பில் ஐபால் ஒன்று, தெரிந்தாலும் பரவாயில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டார். பக்கவாட்டு நடைபாதைக்கு ஒன்று. கொட்டகையில் வைப்பது மட்டும் ஒளிவு இல்லாமல்: கதவை மட்டும் பார்க்கும், பக்கத்தில் தமிழில் பெரிதாகப் பலகை, இலை எடுக்கிறவர்களை அம்மா கூட்டிப் போய் நேரில் காட்டிவிடுவார். அவர்கள் வேலை செய்கிற நேரத்தில் அது பதிவு செய்யாதபடி நேரம் குறித்துவிடலாம் என்றும் நினைக்கிறேன்.

இன்னும் சில சந்தேகம். கேமராவுக்குச் சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடிக்கலாமா? கொட்டகைக்கு வைஃபையா வயரா? எத்தனை நாள் பதிவு நிற்கும்?

லவ்டேல்_டீச்சர்

பலகை வைக்கிறீர்களே, அது போதும் தம்பி. மழைக்கு ஒதுங்க வேறு ஒரு மறைப்பும் கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது, நாலு தகடு செலவுதான்.

குன்னூர்_வயர்மேன்

பெயிண்ட் அடிக்கலாம், வாரன்டி போய்விடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மினுமினுப்பு இல்லாத மேட் பெயிண்ட். லென்ஸையும் இன்ஃப்ராரெட் முகப்பையும் டேப் ஒட்டி மூடிவிட்டு மெல்லிசாக இரண்டு கோட். வைஃபை கேமராவாக இருந்தால் உலோகத்தூள் கலந்த பெயிண்ட் கூடாது, சிக்னலைத் தின்றுவிடும்.

கொட்டகைக்கு வயர்தான். பழைய கல் சுவரும் தகரக் கூரையும் தாண்டி 60 மீட்டர் போய் வைஃபை நிற்காது. ஒரே லான் வயரில் கரன்ட்டும் படமும் போகும் பிஓஇ வகை எடுங்கள், 100 மீட்டர் வரை தாராளம். வயரை தேயிலைப் பாத்தியின் ஓரமாக ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுப் புதைத்துவிட்டால் குரங்குக்கும் தெரியாது, திருடனுக்கும் தெரியாது. ஆனால் எங்கே போகிறது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், களை கொத்துகிறவர் மண்வெட்டியில் போய்விடும். இடி விழும் ஊர், இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்பாய்ச்சலைத் தடுப்பது) போட்டு எர்த் கொடுங்கள்.

பதிவு: கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 லட்சம் பிட்) என்று வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 22 ஜிபி. நான்கு கேமராவுக்கு 87 ஜிபி பக்கம். 2 டிபி டிஸ்க் போட்டால் மூன்று வாரம் நிற்கும். இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும், வந்த பிறகு முக்கியமான துண்டுகள் மட்டும் மேலே ஏறும்படி செட் பண்ணிவிடலாம்.

பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் வளைத்தது இந்த ஒரு சோம்பேறித்தனத்தால்தான். திருடனிடமிருந்து ஒளித்த கேமராவை ஊர் பேர் தெரியாதவன் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்தால் என்ன லாபம்?

கட்டபெட்டுக்காரன்

வயர் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் அண்ணா? இங்கே கடையில் ஒரே மாதிரி இரண்டு சுருள், விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

குன்னூர்_வயர்மேன்

விலை குறைந்தது அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது, சிசிஏ என்று அட்டையின் மூலையில் சின்னதாகப் போட்டிருப்பான். முனையில் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம். 60 மீட்டரில் கரன்ட் இறங்கிப்போய் ராத்திரி இன்ஃப்ராரெட் எரியும்போது கேமரா அணைந்து அணைந்து எரியும். முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள், பில்லில் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.